நாற்பத்தோரு ‘போடு’

ஜகதீசனுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையும் வலது காலும் போனதோடு பேச்சும் போயிற்று. ஐதராபாத்தில், தார்நாகாவில் மத்திய அரசு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் முப்பத்தோரு வருஷம் விஞ்ஞானியாக இருந்தவர். காபி குடிக்க வந்தவனை நிறுத்தி வைத்து ஒரு மணி நேரம் பேசியே வதைக்கும் மனுஷர். ஆஸ்பத்திரியில் பதினெட்டாம் நாள் கண்ணைத் திறந்து, மகளைப் பார்த்து, பெரும் பிரயாசைப்பட்டு ஒரே ஒரு சொல்லைச் சொன்னார்.

“போடு.”

அதற்குப் பிறகு மூன்று வருஷமாக அந்தச் சொல்தான். வேறொன்றும் திரும்பி வரவில்லை. ஆனால் புத்தியில் ஒரு கீறல் கிடையாது. பேப்பர் படித்தார், கிரிக்கெட் பார்த்தார், இங்கிலீஷ் செய்தி வாசிக்கிறவள் தப்பாக வாசித்தால் முகத்தைச் சுளித்தார். வேண்டாமென்றால் தலையை ஆட்டுவார். வேண்டுமென்றால் போடு.

மகள் ப்ரியம்வதாவுக்கு முதல் மாசம் பைத்தியம் பிடிக்காத குறை. அம்மா இரண்டு வருஷம் முன்பே போய்விட்டிருந்தாள், கூடப்பிறந்தவர்கள் யாருமில்லை. என்ன போடச் சொல்கிறார்? ஃபேன் போடலாம், காபி போடலாம், சட்டை போடலாம், தாழ்ப்பாள் போடலாம், கையெழுத்துப் போடலாம், சண்டை போடலாம். வேண்டாததைத் தூக்கியும் போடலாம். தமிழில் இந்த ஒரு சொல் இத்தனை வீட்டு வேலை செய்கிறது என்பது முப்பத்திரண்டு வயதில்தான் அவளுக்குத் தெரிய வந்தது.

மெல்லப் பிடிபட்டது. காலை ஆறு மணிக்குக் குரலை இறக்கிச் சொன்னால் காபி. கழுத்து வியர்த்திருந்தால் ஃபேன். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னால், யாரோ வருகிறார்கள், தாழ்ப்பாளைப் போடு. டிவியில் பந்து மைதானத்தைத் தாண்டிப் போனால் இடது கையைத் தூக்கி, ‘போடு!’ அது மட்டும் கேட்பதற்கல்ல, மெச்சுவதற்கு. ஒவ்வொன்றையும் ஒரு சின்ன அட்டையில் எழுதிக் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டினாள். பகலில் பார்த்துக்கொள்ள வரும் ஆரோக்கியமேரிக்கு வழி தெரிய வேண்டுமே. மூன்று வருஷத்தில் நாற்பத்தோரு அட்டைகள் ஆயின.

அந்த அட்டைகள் அந்த அறையை விட்டு வெளியே போகக் கூடாது. இது ஜகதீசனின் உத்தரவு. வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். பழைய சகாக்கள் பழத்தோடு பார்க்க வந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு ‘போடு’ என்பார். ப்ரியம்வதா கதவைச் சாத்திவிட்டு வாசலில் போய் நின்று, “தூங்கறார், மாமா. இப்பத்தான் மாத்திரை குடுத்தேன்” என்று சிரிப்பாள். மூன்று வருஷமாக அதே பொய். ஆராய்ச்சிக்கூடத்து வட்டாரத்தில் அவள் திமிர் பிடித்தவள் என்று பேர் வாங்கியிருந்தாள். வாங்கட்டும் என்று இருந்தாள். அப்பாவை யாரும் அந்தக் கோலத்தில் பார்க்கக் கூடாது, அது ஒன்றைக் காப்பாற்றிக் கொடுத்தால் போதும்.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் அந்தத் தாழ்ப்பாள் திறந்தது. அவன் தினேஷ்.

ராஜபாளையத்துக்காரன். மாதாப்பூர் சாஃப்ட்வேர் ஆபீசில் ப்ரியம்வதா சேர்ந்த அதே நாளில் சேர்ந்து, அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முதல் வாரமே அவள் தயிர்சாதத்தில் பாதியைக் காலி செய்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் மறந்துவிட்டு வந்த லேப்டாப்பைக் கொடுக்க வந்தான். அவள் தடுப்பதற்குள் நேரே உள்ளே போய், கட்டிலோரம் உட்கார்ந்து, “அப்பா, ஸ்கோர் என்னாச்சுப்பா?” என்றான். நண்பர்களின் அப்பாவை அப்பா என்று கூப்பிடுவது நம்மூர்ப் பிள்ளைகளின் வழக்கம்தானே. ஜகதீசன் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஸ்கோர் போட்டிருந்த மூலையைக் கண்ணாலேயே காட்டினார்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் வந்தான். வந்து முதல் வேலையாக அவருக்குச் சவரம் செய்துவிடுவான். மகளையோ ஆரோக்கியமேரியையோ முகத்தில் கத்தி வைக்க விடாத மனுஷர், அவன் வந்தால் கன்னத்தைத் திருப்பிக் காட்டுவார். ப்ரியம்வதாவுக்கு ஞாயிறு காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் கூடத் தூங்கக் கிடைத்தது. அதற்காகவே அவனுக்குக் கோயில் கட்டியிருப்பாள்.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குச் சாமான் விற்கும் கம்பெனி ஒன்று அப்போது ஆபீசுக்கு ஒரு வேலை கொடுத்தது. படுத்த படுக்கையாக, பேச முடியாமல் இருக்கும் நோயாளிகள் நர்ஸைக் கூப்பிட ஒரு தொடுதிரை. மற்றவர்கள் வரிசையாகப் பொத்தான் வரைந்தார்கள். தண்ணீருக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று திரை முழுக்க அறுபது பொத்தான்கள். அத்தனையையும் தேடிக் கண்டுபிடிக்கத் தெம்பு இருக்கிறவன் எதற்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான்?

ப்ரியம்வதா வரையவில்லை. ஒரு கத்தை வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டு ஆபீசைச் சுற்றினாள். கேன்டீனில் தெலுங்குப் பெண்களிடம், போடு என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘வெய்’ என்ற சொல்லை எதற்கெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டாள். ஃபேன் வெய், தலுப்பு வெய் என்றால் கதவு, ஓட்டு வெய் என்று சிரித்துக்கொண்டே அடுக்கினார்கள். வாசல் செக்யூரிட்டி அப்துல் ரஹீமிடம் அதற்கு உருதுவில் சொல்லும் ‘லகாவ்’ பற்றிக் கேட்டாள். பூட்டு, எண்ணெய், போன், சாப்பாட்டு விரிப்பு எல்லாவற்றுக்கும் லகாவ்தான் என்று அவர் விரல் விட்டு எண்ணினார். எந்த ஊரிலும் மனுஷன் நூறு காரியத்துக்கு ஒரு சொல்லை வைத்துக்கொண்டுதான் குடும்பம் நடத்துகிறான். கேட்கிறவன் நேரத்தையும் இடத்தையும் முகத்தையும் பார்த்து மீதியைப் புரிந்துகொள்கிறான். அப்படியென்றால் நோயாளிக்கு ஒரே ஒரு பொத்தான் போதும். மணி என்ன, அறையில் என்ன சூடு, கடைசி மருந்து எப்போது, விளக்கு எரிகிறதா என்று பார்த்து, இதுவா, இல்லை இதுவா என்று கேட்கிற புத்தி திரைக்குத்தான் வேண்டும். தலையாட்டினால் போதும்.

மேனேஜர் வேணுகோபால் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். அமெரிக்காவுக்கு நேரில் போய்க் காட்ட வேண்டும் என்றார். அந்த ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. வேலை யார் செய்தாலும் சரி, பாஸ்போர்ட்டில் விசா குத்தியிருக்கிறவன்தான் விமானம் ஏறுவான். ப்ரியம்வதாவின் விசா நேர்காணல் நாளில் அப்பாவுக்குக் காய்ச்சல். அவள் போகவில்லை. தினேஷுக்கு விசா இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, அப்பாவுக்குச் சவரம் முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே தினேஷ் சொன்னான். “முதல் ஸ்லைடே உன் பேருதான் ப்ரியா. நான் வெறும் தபால்காரன்.”

“பேரு கிடக்கட்டும். ஒண்ணு மட்டும் சத்தியம் பண்ணு. ஆபீஸ் சொல்லு, கேன்டீன் சொல்லு, ரஹீம் பாயைச் சொல்லு. அப்பாவைச் சொல்லாதே.”

“சே, என்ன பேசற? அவர் எனக்கும் அப்பாதானே.”

உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்தான். அவளும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

பத்து நாள் கழித்து வேணுகோபால் எல்லோரையும் மீட்டிங் அறையில் கூப்பிட்டு, சமோசா வரவழைத்து, அங்கே எடுத்த வீடியோவைத் திரையில் ஓடவிட்டார். தினேஷ் நீலக் கோட்டில் நின்றுகொண்டிருந்தான். முதல் ஸ்லைடு வந்தது. அதில் பேர் எதுவும் இல்லை. ஒரு சுவரின் போட்டோ இருந்தது. அவள் கையெழுத்து, அவள் ஒட்டிய அட்டைகள், ஓரத்தில் அப்பாவின் தலையணை. சவரம் செய்ய வந்தவன் எந்த ஞாயிறு இதை எடுத்தான்?

“என் அப்பாவுக்கு மூன்று வருஷம் முன்னால் பக்கவாதம் வந்தது. அவருக்கு மிச்சமிருப்பது ஒரே ஒரு சொல்” என்று தினேஷ் இங்கிலீஷில் ஆரம்பித்தான். பிறகு குரல் தழுதழுக்க, “போடு” என்றான். அப்பாவின் குரலிலேயே சொன்னான். காலை ஆறு மணிக் குரல்.

வெள்ளைக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மீட்டிங் அறையில் கூட வேலை செய்யும் ஸ்மிதாவும் துடைத்துக்கொண்டாள். “பாவம், ஒரு நாள் சொன்னதில்லையே” என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். வீடியோ முடியும்போது ‘நன்றி: ப்ரியா மற்றும் குழுவினர்’ என்று ஒரு வரி வந்து போயிற்று. ப்ரியம்வதாவுக்குக் கையில் இருந்த சமோசா என்ன ஆயிற்று என்றே தெரியவில்லை. எழுந்து நின்று, அது என் அப்பா என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் மறு நிமிஷமே இந்த அறையில் இருக்கிற இருபது பேருக்கும் அப்பா எப்படிக் கிடக்கிறார் என்பது தெரிந்துபோகும். தினேஷின் அப்பா எப்படிக் கிடந்தால் யாருக்கென்ன? அவள் வாயை மூடிக்கொண்டாள். அப்படி ஒரு இடுக்கில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தான் அந்தப் படுபாவி.

அவன் ஊர் திரும்பினதும் மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவன் கையில் அப்பாவுக்கென்று சாக்லேட் டப்பா.

“உனக்கு வெட்கமா இல்லையா, தினேஷ்?”

“அங்கே நின்னு பேசறப்போ தானா வந்துடுச்சு ப்ரியா. கேன்டீன் கதைக்கு ஒருத்தன் நிமிர்ந்து பார்க்கலை. புராஜெக்டே போயிருக்கும்.”

“தானா வந்ததா? போட்டோவும் தானா வந்துதா? என் அப்பாவை உன் அப்பான்னு சொன்னியே, அது?”

“நான் அவரை அப்பான்னுதானே கூப்பிடறேன்? அதை இங்கிலீஷ்ல சொன்னேன். உன் பேரையோ அவர் பேரையோ நான் எடுக்கவே இல்லையே. நீ கேட்ட மாதிரிதான் காப்பாத்தியிருக்கேன்.”

அடிக்கலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவன் அடுத்ததைச் சொன்னான். அந்தக் கம்பெனியில் முடிவெடுக்கும் அம்மாள் கரோல் அடுத்த வாரம் ஐதராபாத் வருகிறாளாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தினேஷின் அப்பாவைப் பார்க்க வேண்டுமாம்.

“ஒரு மணி நேரம் ப்ரியா. ஒரே ஒரு மணி நேரம். இல்லேன்னா நான் பொய் சொன்னேன்னு ஆயிடும். வேலை போயிடும். இந்த ஊர்லயே யாரும் சேர்க்க மாட்டான்.”

“நக்கோ” என்றாள் அவள். வேண்டாம் என்பதற்குப் பிறந்து வளர்ந்த ஊரின் சொல், கோபத்தில் அதுதான் முதலில் வந்தது. “என் பிணத்தைத் தாண்டித்தான் நீ அந்த வாசப்படி மிதிக்கணும்.”

தினேஷ் சாக்லேட் டப்பாவைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தான். “சரி, விடு. நான் எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன்” என்றான். அவ்வளவு லேசாக அவன் எதையும் விட்டதில்லை. அது அவளுக்கு உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை. அந்த ஞாயிறு அவன் வரவில்லை. அப்பா தாடியைத் தடவிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். “ஊருக்குப் போயிருக்கான்பா” என்று மட்டும் சொன்னாள். நடந்ததைச் சொன்னால் அவர் நொறுங்கிப்போவார் என்று பயந்தாள்.

புதன்கிழமை பிற்பகல் டீ குடிக்கக் கீழே போனவளை அப்துல் ரஹீம் நிறுத்தினார். தினேஷ் சாபின் அப்பா தார்நாகாவிலா இருக்கிறார் என்று கேட்டார். கம்பெனி டிரைவர் தன்னிடம் வழி கேட்டுக்கொண்டு, வெள்ளைக்கார மேம்சாபையும் தினேஷ் சாபையும் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மணி நேரம் ஆகிறது என்றார். “அல்லா உஸ்கோ அச்சா ரக்கே” என்று சேர்த்துக்கொண்டார். நல்ல மனுஷர், அந்த நோயாளிக்காக மனமுருகி வேண்டிக்கொண்டார்.

கிடைத்த ஆட்டோவில் ஏறினாள். பஞ்சாகுட்டாவில் சிக்னல், பேகம்பேட்டையில் சிக்னல், செகந்திராபாத் ஸ்டேஷன் முன்னால் பஸ்கள் குறுக்கே நின்று வழியையே அடைத்திருந்தன. அப்பா இந்நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ‘போடு, போடு’ என்று சொல்லிக்கொண்டிருப்பார், தாழ்ப்பாளைப் போட ஆளில்லாமல் கிடப்பார் என்ற நினைப்பில் ஆட்டோக்காரனை விரட்டிக்கொண்டே வந்தாள். டிசம்பர்க் குளிரிலும் அவளுக்கு முதுகு நனைந்துவிட்டது.

வீட்டுக் கதவு விரியத் திறந்திருந்தது.

ஜகதீசன் கட்டிலில் இல்லை. கூடத்தில் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ரிடையர் ஆன அன்று போட்ட சந்தன நிற முழுக்கைச் சட்டை. கோணிய வாயை மறைக்காமல், தலையைத் தொங்கப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் தரையிலேயே மண்டியிட்டு அந்த அம்மாள் கரோல். நாற்காலிக்குப் பின்னால் தினேஷ், அவர் தோளில் கை வைத்தபடி.

ப்ரியம்வதா முதலில் பார்த்தது அப்பாவின் முகத்தை. மழமழவென்று சவரம் செய்யப்பட்டிருந்தது.

கரோல் நிமிர்ந்து, இவர் யார் என்று கேட்டாள். தினேஷ் ப்ரியம்வதாவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லிவிடுவான் என்று, இத்தனைக்குப் பிறகும், அவள் மனசு ஒரு விநாடி காத்திருந்தது. வெட்கங்கெட்ட மனசு.

“மை சிஸ்டர்” என்றான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். இங்கிலீஷில் புத்தகம் புத்தகமாக எழுதிய மனுஷர், அவருக்கு இது புரியாமலா இருக்கும்? தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். கழுத்து நன்றாகத்தான் திரும்பும். ஆட்டுங்கப்பா என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அவள் பக்கம் பார்வையைத் திருப்பவே இல்லை.

கரோல் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் மகனை நினைத்து நீங்கள் ரொம்பப் பெருமைப்பட வேண்டும் என்றாள்.

ஜகதீசன் கழுத்தைத் திருப்பித் தினேஷை அண்ணாந்து பார்த்தார். அவள் பிடியிலிருந்து கையை விடுவித்து மேலே தூக்கினார்.

“போடு!”

“நல்லா செஞ்சேன்னு சொல்றார்” என்று தினேஷ் இங்கிலீஷில் சொன்னான். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. சரியாகத்தான் சொன்னான், அது அந்தப் போடுதான். டிவியில் முகம் தெரியாத ஆட்டக்காரனுக்கெல்லாம் கிடைத்த போடு. மூன்று வருஷம் மூத்திரம் துடைத்து, வாசலில் பொய் சொல்லி, விசாவை விட்டுக் கொடுத்த மகளுக்கு ஒரு நாளும் கிடைக்காத போடு.

ப்ரியம்வதா சமையலறைக்குள் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டாள். கார் கிளம்பும் சத்தம் கேட்கும் வரை வெளியே வரவில்லை. ஆரோக்கியமேரி அடுப்பைத் துடைத்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“காலையிலேயே வந்துட்டாரும்மா, நீங்க ஆபீஸ் போன கையோட. ஐயாகிட்ட ஒண்ணையும் மறைக்கல. அங்க போய் என்ன சொன்னாரு, நீங்க என்ன சொன்னீங்க, எல்லாத்தையும் சொல்லிக் காலைப் புடிச்சுக்கிட்டு அழுதாரு. ஐயா கன்னத்தைத் திருப்பிக் காட்டினாரு. சவரம் முடிஞ்சதும் அலமாரியைப் பார்த்துப் போடுன்னாரு. அந்தச் சட்டையைத்தான் போடச் சொன்னாரு. உங்களுக்குப் போன் பண்ணட்டுமாய்யான்னு கேட்டேம்மா. வேணாம்னு தலையாட்டினாரு.”

வேண்டாம் என்று தலையாட்டத் தெரிந்திருக்கிறது. அது அவள் பக்கம் வரும்போதுதான் தெரிந்திருக்கிறது.

தினேஷ் செய்தது திருட்டு. திருடனைத் திருடன் என்று திட்டித் தீர்த்துவிடலாம். வேலையைப் பிடுங்கினான், போட்டோ எடுத்தான், பொய் சொன்னான், எல்லாவற்றுக்கும் ஒரு பேர் இருக்கிறது. ஆனால் யார் கண்ணிலும் படக் கூடாதென்று அவள் கட்டிக் காத்த மனுஷர், அவளுக்காக ஒரு நாளும் திறக்காத கதவை அவனுக்காகத் திறந்துவிட்டுச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அதை என்ன சொல்லித் திட்டுவது? ஒரு பிள்ளை இல்லையே என்ற குறையை அம்மாவிடம்கூட அவர் சொன்னதில்லை. இன்றைக்கு ஒரு சொல்லும் செலவழிக்காமல் மகளிடம் சொல்லிவிட்டார்.

மேரியை அனுப்பிவிட்டு, அவரைக் கட்டிலுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தாள். சட்டைப் பொத்தான்களைக் கழற்றிப் பழைய பனியனை மாட்டி, சால்வையைப் போர்த்திவிட்டாள். எல்லாம் வழக்கம்போல. பேச்சு மட்டும் இல்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாகக் குளிர்காற்று வந்தது. அவருடைய இடது கை சால்வைக்கு வெளியே கிடந்தது.

“போடு” என்றார் ஜகதீசன்.

இது வேறு. மூன்று வருஷத்தில் அவள் கேட்காதது. குரல் மேலே போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை, நடுவில் உடைந்தது. கண் ஜன்னலுக்குப் போகவில்லை, அலமாரிக்குப் போகவில்லை. அன்று முதன்முதலாக அவள் முகத்தில் வந்து நின்றது. அந்த இடது கை அவள் கையைத் தேடியது. சுவரில் இருந்த நாற்பத்தோரு அட்டைகளில் இதற்கு அட்டை இல்லை. தேவையும் இல்லை. என்ன கேட்கிறார் என்பது அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. உலகத்தில் வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அவளுக்குப் புரியும்.

“போடு” என்றார் மறுபடியும். கண்ணோரம் வழிந்து காதுக்குள் இறங்கியது.

ப்ரியம்வதா தன் கையை இழுத்துக்கொண்டாள்.

“ஃபேன்தானேப்பா?” என்றாள். “இதோ.”

சுவிட்சைத் தட்டி, வேகத்தை ஐந்தில் வைத்தாள். ஃபேன் கிறீச்சிட்டுக்கொண்டு சுழல ஆரம்பித்தது. சுவரில் அட்டைகள் படபடத்தன. அவர் தலையை ஆட்டினார், வேண்டாம், வேண்டாம் என்று திரும்பத் திரும்ப ஆட்டினார். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கூடத்துக்கு வந்து, வெளிப்பக்கம் தாழ்ப்பாளைப் போட்டாள்.